நீக்கச் சொன்ன இரண்டு பத்திகள்

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளைப் பரப்பி, ஸ்கீ கட்டைகளை மல்லாத்திப் போட்டு, அடிப்பக்கத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். துணிக்கு ஆகாமல் போன இஸ்திரிப் பெட்டி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். அதன் சூட்டில் மெழுகுக்கட்டியை ஒட்டினால் சொட்டுச் சொட்டாக விழும். பிறகு அதே பெட்டியால் தடவிப் பரப்ப வேண்டும். மார்ச் மாத ஈரப்பனிக்கு மஞ்சள் மெழுகு. அது உருகும்போது, அப்போதுதான் அணைத்த மெழுகுவத்தியும் புதுச் செருப்பும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை வரும். நாலு குளிர்காலமாக இந்த வாசனை எழும்பினால் சிறிது நேரத்தில் தொலைபேசி அடிக்கும். "சேர், பூசியாச்சோ? என்டையும் பூசியாச்சோ?" என்பீர்கள்.

இன்று அடிக்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைகள் அச்சிட்ட நினைவு மலர் எதிரே கிடக்கிறது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். நல்ல தாள், நல்ல அச்சு. அட்டையில் மூத்தவரின் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையில் இருக்கிறீர்கள். உள்ளே நீங்கள் பிறந்த ஊர், படித்த பள்ளி, மணந்தவர், பெற்ற பிள்ளைகள், மொன்றியலுக்கு வந்தது, வீட்டில் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்தது, இறைபதம் அடைந்தது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள் என்பது மட்டும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில் அதற்கு இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தேன். அவற்றை எடுத்துவிடச் சொன்னார் உங்கள் மூத்த மகன். எடுக்க முடியாது என்றேன். அதனால் கட்டுரையே இல்லை. அந்தப் பக்கத்தில் பூக்களின் படம் இருக்கிறது.

நான் 'முடியாது' என்று சொன்னேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். உணவகத்தில் கேட்காத சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் 'மெர்சி' சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள் நான். ஆனாலும் சொன்னேன்.

*

மொன்றியலை அடுத்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் விவசாயப் பொறியியல் கற்பித்த காலம் முழுக்கப் பனி எனக்கு ஒரு பாடம். எவ்வளவு பனி உருகினால் மண்ணுக்குள் எவ்வளவு நீர் இறங்கும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். வகுப்பு முடிந்ததும் கட்டடத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டே கார் வரை நடப்பேன். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, குளிர்காலம் என்பது ஜன்னல் என்றாகிவிட்டது. எதையாவது செய்யுங்கள் என்று மகள் டொராண்டோவிலிருந்து நச்சரித்ததால்தான் பெரியவர்களுக்கான பனிச்சறுக்கு வகுப்பில் சேர்ந்தேன். நகரத்துக்கு வடக்கே, கார் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் வரும் சின்ன மலை.

முதல் நாளே, கற்றுக்கொள்பவர்களை மேலே கொண்டுபோகும் ரப்பர்ப் பட்டையில் விழுந்தேன். நான் விழுந்ததும் பட்டையை நிறுத்தினார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் பனிக்கண்ணாடி போட்ட ஒரு முகம் குனிந்து பார்த்தது.

"தமிழோ?"

"ஆமாங்க."

"இந்தியாவோ?"

"திருச்சிங்க."

"நான் மட்டக்களப்பு. ஊர்க்கதை பேந்து கதைப்பம். முதல்ல எழும்புங்க, பின்னால சனம் நிக்குது."

உங்களுக்கு அப்போது அறுபது முடிந்திருந்தது. சென்ட் லோரன்ட்டில் உங்கள் வீட்டுக் கார்டெரியை அந்த வருடம்தான் மூடியிருந்தீர்கள். ஏன் இந்த வயதில் வந்தீர்கள் என்று நாற்காலி லிஃப்டில் ஏறும்போது கேட்டேன். "இத்தினை வருஷமா ஊரான் பிள்ளையளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனன் சேர். அதுகளெல்லாம் சறுக்கும். நான் கீழ நிண்டு கையுறை பொறுக்கினன். இப்ப என்ட முறை" என்றீர்கள். மனைவியை இழந்த ஆசிரியரிடம் சனங்கள் பேசும் குரல் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் மருந்து வைத்தாற்போன்ற குரல். நீங்கள் அந்தக் குரலில் என்னோடு ஒரு நாளும் பேசவில்லை.

வகுப்பில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெண் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பயந்தவர்கள் மலையின் பக்கமாகப் பின்னால் சாய்கிறார்கள். பின்னால் சாய்ந்தால் கட்டை பேச்சைக் கேட்காது. பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய வேண்டும். நான் அதைக் குறித்துக்கொண்டேன், வரைபடம்கூடப் போட்டேன். அதன் பிறகும் பின்னால்தான் சாய்ந்தேன். நீங்கள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. முன்னால் சாய்ந்தீர்கள், விழுந்தீர்கள், பல்லுக்கிடையில் வந்த பனியைத் துப்பினீர்கள், மறுபடி முன்னால் சாய்ந்தீர்கள்.

இரண்டாம் குளிர்காலத்தில் பக்கத்துச் சரிவில் சிவப்பும் நீலமுமாகக் கம்பங்கள் நட்டிருப்பதைப் பார்த்துவிட்டீர்கள். இரண்டிரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒரு வாசல். மேலேயிருந்து கீழே வரை ஒவ்வொரு வாசலாக வளைந்து நுழைந்து வர வேண்டும், குறைந்த நேரத்தில் வந்தவரே வென்றவர். ஒன்றைத் தவறவிட்டாலும் ஓட்டம் கணக்கில் சேராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு மட்டும் பந்தயம். பல் மருத்துவர், பஸ் ஓட்டுநர், துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர் என்று எல்லா மாதிரியும் வந்தார்கள். ஒருவரும் பெரிய வீரர்கள் கிடையாது. ஆனாலும் எல்லோர் முகத்திலும், பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்பவர்களின் முகத்தில் இருக்கும் பதற்றம் இருந்தது.

"அதில சேருவம்" என்றீர்கள். சேரக் கூடாததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. எலும்பு, வயது, வேகம், பழக்கமின்மை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"நீங்க ஒண்டொண்டா எண்ணி முடிக்கேக்க பனி உருகிப்போகும் சேர்."

அறுபதைத் தாண்டிய பெண்கள் பிரிவில் நீங்கள் ஒருவர்தான். எழுபதை நெருங்கும் ஆண்கள் பிரிவில் நானும் வேறு இரண்டு பேரும். ஒவ்வொரு ஞாயிறும் நான் மூன்றாவது. நீங்கள் முதலாவது. "கடைசியும் நான்தானே" என்று சிரிப்பீர்கள். "ஆனா சேர், போட்டிக்கு ஆள் இல்லையெண்டாலும் இறங்கித்தானே வெல்லோணும்."

*

தேங்காய் எண்ணெய் விஷயத்தை என் கட்டுரையில் நான் எழுதவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மெழுகு பூசினால் வேகமாகப் போகலாம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு வந்து, கடைக்குப் போய் வாங்குவானேன், நம் வீட்டில் இல்லாததா என்றீர்கள். மொன்றியல் வீடுகளில் தேங்காய் எண்ணெய் மே மாதம் வரை போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகத்தான் கிடக்கும். சுடுதண்ணீரில் வைத்து இளக்கித்தான் தலைக்கு வைப்போம். "இந்தக் குளிருக்குக் கட்டியாகிற சாமான் மெழுகுதானே சேர்? வெளியில இன்னும் இறுகும்" என்றீர்கள். படித்தவனான நான் உருகுநிலையை யோசித்துப் பார்த்தேன். உங்கள் வாதத்தில் தவறு தெரியவில்லை. இரண்டு சோடிக்கும் கைநிறைய எடுத்துத் தேய்த்தோம்.

அன்று கட்டைகள் நகரவே இல்லை. பனி அடியில் அப்பிக்கொண்டது. தொடக்கக் கம்பத்திலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டு கிளம்பிய நான், சரிவில் நடந்துபோவது போலப் போனேன். நீங்கள் நடுவழியில் நின்றே விட்டீர்கள். அதைவிட மோசம், யாரோ அழைத்து வந்திருந்த பெரிய மஞ்சள் நாய், கீழே சாத்தி வைத்த உங்கள் கட்டைகளை அடியோடு நக்கித் தீர்த்துவிட்டது. கூட்டம் கூடிப் பார்த்தது. நாயின் சொந்தக்காரர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். நீங்கள் கார்டெரி பிரெஞ்சில், பிள்ளைகளை அதட்டும் அதே குரலில், நாய்க்குப் பசியென்றால் காலையிலேயே சாப்பாடு போட வேண்டாமா என்று அவரைத்தான் ஏசினீர்கள். அவரும் "ஓம்" என்கிறாற்போலத் தலையை ஆட்டினார். வரும் வழி முழுக்கக் காருக்குள் புட்டு அவித்த வீட்டின் வாசனை. நீங்கள் சிரித்துச் சிரித்து இருமினீர்கள். என் மனைவி போன பிறகு என் காருக்குள் கேட்ட முதல் பெரிய சிரிப்பு அது.

மொன்றியல் தமிழர் நடுவில் நம் ஞாயிற்றுப் பயணம் சாதாரணமாகப் பேசப்படவில்லை. 'புரொபசரும் ஆயாவும்' என்று நம்மைப் பற்றிச் சொன்னதை யாரோ என் காதிலும் போட்டார்கள். நான் இரண்டு வாரம் வெட்கத்தில் தொலைபேசியை எடுக்கவில்லை. நீங்கள் என் கதவையே வந்து தட்டினீர்கள். "கதைக்கட்டும் சேர். குளிர்காலத்தில அதுகளுக்கு வேற என்ன வேலை?" அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டீர்கள்.

ஆனால் ஒரு நாள் தேவாலய மண்டபத்தில் நடந்தது அவ்வளவு இலேசானது கிடையாது. இலங்கையின் கிழக்கில் மறுபடியும் சண்டை மூண்டு, உங்கள் ஊர்ப்பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து பாடசாலைகளில் கிடந்த காலம். ஊருக்குப் பேச வாங்கும் தொலைபேசி அட்டைகளைச் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொரு வீட்டிலும் விரல் நகம் கறுத்திருந்தது. உங்கள் தங்கை குடும்பம் எங்கே இருக்கிறதென்று எட்டு நாளாக உங்களுக்கும் தெரியாது. அன்று மலையிலிருந்து கையில் ஹெல்மெட்டோடு நேராக மண்டபத்துக்கு வந்தீர்கள். உங்கள் உறவுக்காரர் ஒருவர், எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"அங்க ஊரே எரியுது. இஞ்ச இவவுக்குச் சறுக்கு விளையாட்டு."

நான் கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டேன். நீங்கள் ஹெல்மெட்டை மேசையில் வைத்தீர்கள்.

"நான் இறங்காட்டி அங்க சண்டை நிக்குமோ அண்ணை? நிக்குமெண்டு சொல்லுங்க, இப்பவே உடைச்சுப்போட்டுப் போறன்."

நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டீர்கள். கரண்டி தட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் நீங்கள் இடத்தை விட்டுப் போகவில்லை, சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தீர்கள்.

*

போன இலையுதிர் காலத்தில் உங்கள் வயிற்றில் புற்றைக் கண்டுபிடித்தார்கள். மார்கழியில் இனி மருந்தால் பயனில்லை என்று நிறுத்திவிட்டார்கள். சனவரியில் ஒரு நாள் உங்கள் மகன் என்னைக் கூப்பிட்டார். நல்ல பிள்ளை, குரல் உடைந்திருந்தது.

"அங்கிள், அம்மா ஞாயிறு உங்களோட வாறன் எண்டு நிக்கிறா. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க கார் பழுது எண்டு சொல்லிவிடுங்கோ."

"சரி தம்பி" என்றேன். யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். பிறகு உங்களை அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள்:

"மகன் கதைச்சிட்டானோ?"

"ஆமாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொல்லிட்டேங்க."

"அவனுக்கு அது. எனக்கு என்ன சொல்லப்போறீங்க?"

தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றேன். அந்தப் பக்கம் உங்கள் மூச்சு மட்டும் கேட்டது, கொஞ்சம் வேகமாக. அவசரப்படுத்தாமல் காத்திருந்தீர்கள்.

"கார் நல்லாத்தான் இருக்குங்க. எட்டு மணிக்கு வரேன்" என்றேன்.

அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பனியில் இறக்கி உங்களைக் கொன்றேன் என்றுகூட ஒருவர் சொன்னாராம். உங்களைக் கொன்றது எது என்று மருத்துவமனைக்குத் தெரியும். அந்த ஞாயிறு உங்கள் நாட்களில் ஒன்றைக் குறைத்ததா, எனக்குத் தெரியாது. குறைத்திருந்தாலும் அந்த நாள் உங்களுடையது. செலவு செய்ய உங்களுக்குத்தான் உரிமை.

அன்று பந்தயத்துக்கு முன் வழக்கம்போல நான் சரிவின் ஓரமாக மெல்ல வழுக்கிக்கொண்டே வாசல்களைப் பார்த்து வந்தேன். அது எல்லோரும் செய்வதுதான். எங்கே ஐஸ் கட்டியிருக்கிறது, எங்கே திருப்பம் இறுக்கம் என்று மனப்பாடம் பண்ணுவார்கள். நீங்கள் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. "நீங்க படிச்சுப்போட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்பீர்கள். மேலே வந்து சொன்னேன். ஒன்றையும் காதில் வாங்கவில்லை. உங்கள் பார்வை கீழேயே இருந்தது. பூட்ஸுக்குள் கால் தளர்வாக ஆடியது, உள்ளே இரண்டாவது காலுறை போட்டிருந்தும். தொடக்கக் கம்பத்தில் நிற்கும் பெரியவர், நரைத்த மீசைக்காரர், உங்களைப் பார்த்துக் கவலையோடு பிரெஞ்சில் நலம் கேட்டார். உங்கள் கோட்டு ஸிப் திறந்திருக்கிறது, சளி பிடிக்கப்போகிறது, முதலில் அதைப் போடுங்கள் என்று அவரை அதட்டினீர்கள். மனிதர் அவசர அவசரமாக ஸிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். உங்கள் முறை வந்ததும் மூன்றிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கினார்.

"த்ருவா... தூ... அன்... பார்த்தே!"

அதற்குள் நான் இறங்கி நடுச்சரிவில் ஓரமாக நின்றிருந்தேன். முதல் ஐந்து வாசல் நன்றாகத்தான் வந்தீர்கள். ஆறாவதில் கால் பிடிமானம் இல்லாமல் அகன்று போய்விட்டது. வாசலைத் தவறவிட்டு, அதற்குக் கீழே வந்து நின்றுவிட்டீர்கள். விழவில்லை. கோலில் சாய்ந்து மூச்சு வாங்கினீர்கள்.

"போதுங்க! அப்படியே ஓரமா வந்துடுங்க!" என்று கத்தினேன்.

"வாயை மூடுங்க சேர்!"

பிறகு நீங்கள் செய்ததைத்தான் அந்த இரண்டு பத்திகளில் எழுதியிருந்தேன். தவறிய வாசலுக்குத் திரும்ப ஏறிப் போனால் ஓட்டம் செல்லும் என்று எங்கள் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. இளையவர்கள்கூட அதைச் செய்வதில்லை. தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். நீங்கள் கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பினீர்கள். பக்கவாட்டில் ஒரு காலை மேலே வைத்து, மற்றக் காலை அதனருகே இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு காலை மேலே வைத்து ஏறினீர்கள். மேலே மீசைக்காரர் அடுத்த ஆளை விடாமல் கையை நீட்டித் தடுத்துக்கொண்டு நின்றார். காற்றில் கம்பத்துத் துணி படபடத்தது ஒன்றுதான் சத்தம். பாதியில் உட்கார்ந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அப்படி நடந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று மனதுக்குள் திட்டம்கூடப் போட்டேன். நீங்கள் உட்காரவில்லை. கீழே, ஓடி முடித்தவர்கள் கோல்களை ஒன்றோடொன்று தட்டத் தொடங்கினார்கள். "அலே, மதாம்! அலே!" வாசலுக்கு மேலே போய்ச் சேர்ந்து, திரும்பி, அதற்குள் நுழைந்து, மிச்சம் எல்லாவற்றிலும் மெதுவாக வளைந்து வளைந்து இறுதிக் கோட்டைத் தாண்டினீர்கள்.

நான் பின்னாலேயே இறங்கி வந்தேன். பலகையில் நேரம் எரிந்துகொண்டிருந்தது.

"எத்தினை சேர்?"

சொன்னேன்.

"அம்மாடி. அதுக்குள்ள இறைச்சிக் கறியே ஆக்கியிருக்கலாம்." பிறகு பனிக்கண்ணாடியைக் கழற்றினீர்கள். "ஆனா ஒரு வாசலும் விடல்ல. என்ன?"

"விடலைங்க."

"அவ்வளவுதான்" என்றீர்கள்.

வரும்போது பாதி வழி தூங்கினீர்கள். விழித்ததும் ஒரு தோடம்பழம் கேட்டீர்கள். காரை ஓரமாக நிறுத்தி, ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். எதையும் சொல்லிவைக்கவில்லை, எதையும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. ஆகவே நான் பிறகு செய்ததெல்லாம் நானாகச் செய்தது. உங்கள் பெயரைச் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை.

*

கட்டுரையை வாசித்துவிட்டு உங்கள் மகன் நேரிலேயே வந்தார். இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"எல்லாம் வடிவா எழுதியிருக்கிறீங்கள் அங்கிள். அந்த ரெண்டு பந்தியும் வேண்டாம். சனம் என்ன கதைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. வருத்தக்கார, மருந்தை நிப்பாட்டின மனிசியை மலையில ஏத்தினது எண்டு..."

"யாரும் ஏத்தலை தம்பி. அவங்களா ஏறினாங்க."

"அதைத்தான் போட வேண்டாம் எண்டு சொல்லுறன்."

அவருடைய துக்கம் எனக்குப் புரிந்தது. அம்மா அன்று கஷ்டப்பட்டார் என்ற படம் அவருக்கு வேண்டாம்; பட்டுச் சேலை போதும். வழக்கமான நானாக இருந்தால் பேனாவை எடுத்து அங்கேயே அடித்திருப்பேன். பேனாவை எடுக்கவும் செய்தேன். அந்த மலரின் மாதிரிப் பக்கங்களை அவர் மேசையில் விரித்து வைத்திருந்தார். பிறந்தார், மணந்தார், பெற்றார், வந்தார், போனார். அந்த வரிசையில் ஆசைப்பட்டு நீங்களாகத் தேடிப்போன ஒன்றும் இல்லை. பேனாவை மூடினேன்.

"அப்படின்னா என் கட்டுரை முழுசையும் எடுத்துடுங்க தம்பி."

அவர் திகைத்தார். நானும் திகைத்தேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன், யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். உறவினர் மூவர் பேசினார்கள். பாசமான தாய், பண்பான மனைவி, பக்தியுள்ள பெண். எதுவும் பொய் இல்லை. நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து சத்தம் போட்டது. மாணவர்களுக்கு முன்னால் வருடக்கணக்காக நின்றவன், அன்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தயாரித்து வந்த தாளைப் பையிலிருந்து எடுத்தேன், வாசிக்க வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, ஆறாவது வாசலில் நடந்ததைச் சொன்னேன். ஒரு காலை வைத்து மறு காலை இழுத்ததைக் கையால் காட்டிக்கொண்டே சொன்னேன்.

"செத்த வீட்டில கதைக்கிற கதையோ இது?" அன்று ஹெல்மெட்டைப் பார்த்து ஏசிய அதே உறவுக்காரர்தான்.

"இதுதாங்க அவங்க கதை" என்றேன். "பொறந்தது, கல்யாணம், புள்ளைங்க எல்லாம் இந்த மலர்ல இருக்கு. அதெல்லாம் எல்லாருக்கும் நடக்கிறது. இது அவங்க செஞ்சது. அறுபது வயசுக்கு மேல, பனியில, பந்தயம் ஓடினாங்க. முதலாவதா வந்தாங்க."

உட்கார்ந்தேன். யாரும் கை தட்டவில்லை. தட்டவேண்டிய இடமும் இல்லை.

கார் நிறுத்துமிடத்தில் உங்கள் மகன் வந்து எதிரே நின்றார். "நீங்கள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது அங்கிள்."

"சொல்லியிருக்கணும் தம்பி."

"அண்டைக்கு அவ விழுந்திருந்தா?"

"தூக்கியிருப்பேன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கலாம். அதற்காக நான் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது.

கையுறையைத் தேடி மறுபடி மண்டபத்துக்குள் போனபோது, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா கேத்தலைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அதற்கு முன் நான் பார்த்திராதவர். உங்கள் வயது இருக்கும்.

"விழுந்தா எலும்பு முறியாதோ?"

"முறியலாங்க."

"உங்களுக்கு முறிஞ்சதோ?"

"ஒரு தடவை. மணிக்கட்டு."

"பேந்தும் போனீங்களோ?"

"போனேங்க."

அவர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மலைக்கு பஸ் போகுமோ?"

"பஸ் போகாதுங்க. என் கார் போகும்."

"சும்மா பாக்கத்தான்" என்றார். "சும்மா பாக்கத்தானுங்க" என்றேன் நானும். வருகிற ஞாயிறு இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம்.

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மின்தூக்கி குலுங்கினால் இன்றும் பயம், வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் பயம், தொடக்கக் கம்பத்தில் நின்றால் பயம். உங்களிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது மிகச் சின்னது. ஒருவரிடம் மறுத்துச் சொல்லிவிட்டால் அதன்பின் ஒரு மௌனம் வரும் அல்லவா? முன்பெல்லாம் அதற்குள் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு நிரப்பிவிடுவேன். இப்போது அதில் நிற்கிறேன். நடுங்கிக்கொண்டுதான், ஆனாலும் நிற்கிறேன்.

நேற்று மகள் டொராண்டோவிலிருந்து கூப்பிட்டாள். விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது.

"இந்த வருஷத்தோட போதும்ப்பா. வித்துடுங்க எல்லாத்தையும்."

"போதாதும்மா" என்றேன்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. கம்பிக்குள் இரைச்சல் மட்டும் ஓடியது. நான் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வெயிலா மேகமா என்று பிறகு அவள்தான் கேட்டாள்.